சுவர் பெற்ற பிள்ளை

ஆம்பூர் ரயில்வே கேட் பக்கம் தொப்புள்கொடிச் சாமியார் வந்து இறங்கியதிலிருந்து, பிரியாணிக் கடைகளில்கூட அவ்வளவு கூட்டமில்லை. பிள்ளை பெற்றவர்கள், பெறப்போகிறவர்கள், பெறும் உத்தேசமே இல்லாதவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

சாமியாரின் கண்டுபிடிப்பு இதுதான்: பிரசவமானதும் நஞ்சுக்கொடியில் மிஞ்சும் ரத்தத்தை ஆஸ்பத்திரியில் சேமித்தால், பிள்ளையின் ஆயுசும் அதோடு போய்விடும். கொடியைக் குப்பையில் போட்டால் போகாது. ஆயுசுக்குக் குப்பைத் தொட்டி வழி தெரியாது போலும்.

ஜெயசீலனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழாம் மாதத்தில் பிறந்த அவன் மகள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள்.

"நிறைமாசப் பிள்ளைங்க கொடி ரத்தம் இருந்தா இவளுக்கு ஏத்தலாம். சாமியார் வந்ததுலேர்ந்து யாரும் குடுக்கறதில்ல. பிரிட்ஜ் காலி" என்றார் டாக்டரம்மா.

பிரசவ வார்டில் வேறொரு நிறைமாசக்காரி ரோஷினிக்கு வலி எடுத்திருந்தது. கொடி ரத்தம் கொடுக்கலாமா என்று கேட்க, அவள் மாமியார் சம்பூர்ணம் மருமகளின் வெள்ளைத் துண்டோடு சாமியாரிடம் ஓடினார். ஜெயசீலனும் பின்னாலேயே போனான்.

சாமியார் துண்டில் விபூதி தூவி, தீர்த்தம் விட்டார். துண்டு சிவந்தது.

"பார்த்தியா? ரத்தத்தைக் குடுத்தா பிள்ளை தங்காது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாதிப்பேர் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்பவர்கள். தினமும் தோலை அறுத்து, சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் மருந்தை இதேபோல் சொட்டு விட்டு, சிவந்தால் "சுண்ணாம்பு இன்னும் போகல, டிரம்மைச் சுத்து" என்பவர்கள். ஷிப்ட் முடிந்ததும் மூளையையும் கேட்டிலேயே ஒப்படைத்துவிடுவார்கள் போலும்.

அதே ஷெட்டில் வேலை செய்யும் ஜெயசீலன் தீர்த்தச் சொம்பைப் பிடுங்கினான்.

"தொடாதே, தீட்டு!"

சாமியாருக்குப் பின்னால் முந்தாநாள்தான் சுண்ணாம்பு அடித்த சுவர். விசிறினான். சுவர் குப்பென்று சிவந்தது.

"யம்மா, இந்தச் செவுரு எந்த ஆஸ்பத்திரில பெத்துச்சு?"

"அடப்பாவி, நம்ம ஷெட்டு சொட்டுபா!" என்று கத்தினான் டிரம் ஓட்டும் தபரேஸ். "விபூதில சுண்ணாம்பு கலந்துகிறான்!"

"இன்னா சாமி இது?" என்றார் சம்பூர்ணம்.

"சுவருக்கும் உயிர் உண்டும்மா..."

"அப்போ தட்சணைய அதுகிட்டயே வாங்கிக்கோ!"

சம்பூர்ணம் துண்டை உதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார். "டாக்டரம்மா, பொறந்ததும் அந்த ரத்தத்த எடுத்துக்குங்க. தூக்கிப் போடறதுதானே."

ரோஷினிக்கு மகன் பிறந்தான். கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள், குரூப் பொருந்தியது. பெட்டிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. இந்த முறை நிஜ ரத்தம்.

சாமியார் நெமிலி பஸ் ஏறினார். அங்கே தோல் ஷெட் இல்லை, பிழைத்துக்கொள்வார்.

மறுநாள் அந்தச் சுவருக்கு யாரோ சூடம் ஏற்றியிருந்தார்கள்.

ஐயா, செத்த ஆட்டின் தோலையே அறுத்துச் சோதித்துத்தானே அடுத்த டிரம்முக்கு விடுகிறீர்கள்? உங்கள் தலைக்குள் விடும் பேச்சுக்கும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்களேன்.