சோணையம்மாளின் எழுச்சியும் அதன் காரணிகளும்

வளரும் நாடு ஒன்றில் தொண்டுள்ளம் எதனால் வளர்கிறது என்பதை அரசாங்கம் தெரிந்துகொண்டாக வேண்டும். அதன் பாட்டுக்கு வளரவிட்டால், அது எந்த இலாகாவைச் சேர்ந்தது என்ற சிக்கல் வரும். ஆகவே 1984-ஆம் ஆண்டு ‘சமுதாயத் தொண்டு முனைவு எழுச்சிக் காரணிகள் ஆய்வுக் குழு’ அமைக்கப்பட்டது. பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த ஒருவர் அதற்குத் தலைவரானார்.

குழு ஜீப்பில் எங்கள் ஊசிப்பாறைப்பட்டிக்கு வந்தது, சோணையம்மாளைப் பார்க்க. எட்டாவதுக்கு மேல் படிக்க எங்களுக்குத் திருவாதவூர்ப் பள்ளிக்கூடம் ஐந்து மைல். பஸ் கிடையாது. அதனால் எட்டாவதோடு பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவது ஊர் வழக்கம். சோணையம்மாள் மட்டும் மகள் ஜெயக்கொடியை நிறுத்த மாட்டேன் என்று மாட்டு வண்டியில் ஏற்றிப் போனாள். அப்புறம் மற்ற வீட்டுப் பிள்ளைகளும் ஏறிக்கொண்டன. மாட்டுக்கு வீட்டுக்கு ஒரு கட்டு வைக்கோல் கேட்டாள். அதையும் பாதிப் பேர் கொடுப்பதில்லை.

தலைவர் பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில் அமர்ந்து விசாரித்தார்.

“இந்த எண்ணம் உங்களுக்கு எப்படி உதித்தது?”

“பஸ் வரலைங்கய்யா.”

“அது இருக்கட்டும். உள்ளத்தில் தூண்டியது எது?”

“பஸ் வராததுதான்யா.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஸ் ஓடுகிற ஊர்களை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கெல்லாம் ஒரு தொண்டு வண்டிகூட இல்லை. இங்கே பஸ் இல்லை, வண்டி இருக்கிறது. முதல் காரணி பிடிபட்டுவிட்டது: அரசு செய்யாமை.

“அய்யா, மாடு ஒண்ணு கிழடாயிருச்சு. பங்குனியில எம்மகளுக்குப் பத்தாவது பரீட்சை. பஸ்ஸுக்கு மனு குடுத்திருக்கோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா…”

“அந்த மனு ஏற்கப்பட்டு, அடுத்த வாரம் பஸ் வருவதாக இருந்ததம்மா. நல்ல வேளை, நாங்கள் முந்திக்கொண்டு நிறுத்திவிட்டோம்.”

“நிறுத்திட்டீகளா!”

“பஸ் வந்தால் உங்கள் எழுச்சி என்ன ஆவது?”

“எனக்கு எழுச்சி வேணாம்யா. பஸ்ஸு போதும்.”

“என்ன அடக்கம்!” என்றார் தலைவர். பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார்.

“சரிய்யா, நான் வண்டியை நிறுத்திட்டா பஸ்ஸு விடுவீகளா?”

“நிறுத்திவிட்டால் பயணிகளே இல்லாத ஊராகிவிடுமே. அப்படிப்பட்ட ஊருக்கு பஸ் எதற்கு?”

அடுத்து எங்கள் பக்கம் திரும்பினார். “ஊரில் இத்தனை வண்டி இருக்கிறது, டிராக்டர்கூட நிற்கிறது. நீங்கள் ஏன் யாரும் செய்யவில்லை?”

டிராக்டருக்குச் சொந்தக்காரர் மலையாண்டி, எங்கள் ஊர்ப் பெரிய கை. “அதான் அவ செய்யிறாள்லய்யா” என்றார்.

தலைவர் எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். இரண்டாவது காரணி: ஊரார் செய்யாமை. அரசு மட்டும் சும்மா இருந்து பயனில்லை, மக்களும் ஒத்துழைத்துச் சும்மா இருந்தால்தான் தொண்டு முளைக்கும் என்று அறிக்கை போயிற்று. எங்கள் ஊருக்கு ‘சிறந்த ஒத்துழைப்புக் கிராமம்’ என்று விருது அறிவித்தார்கள். மதுரையில் விழா, ஆண்களுக்கெல்லாம் பொன்னாடை. சோணையம்மாளுக்கு அழைப்பு இல்லை. அவள் ஆய்வுப் பொருள்.

செய்தி பரவியதும் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மனு கொடுத்தார்கள். எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சும்மா இருப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? தலைமுறைப் பழக்கம் வேண்டும்.

விழா நாளும் பரீட்சை தொடங்கும் நாளும் ஒன்றாக அமைந்தன. எங்களை அழைத்துப்போக வந்த தலைவர் ஜீப்பில் முன்னால் போக, சலவை வேட்டியோடு நாங்கள் டிராக்டரில் பின்னால் போனோம். மலையாண்டி ஊர்க்காரியத்துக்கு டிராக்டர் விட்டது அதுதான் முதல் தடவை.

கண்மாய்க்கரைப் பக்கம் சோணையம்மாளின் மாடு படுத்துவிட்டது. பிள்ளைகள் ரோட்டில் நின்றன. ஜெயக்கொடி அழுதுகொண்டிருந்தாள்.

“அண்ணே, பிள்ளைகளை மட்டும் ஏத்திக்கங்க. மணி அடிச்சிருவாக” என்றாள் சோணையம்மாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தேன். ஆனால் மலையாண்டி விவரமானவர்.

“ஏத்திக்கலாம் தாயி. நாங்க ஏத்திக்கிட்டா காரணி கெட்டுப்போகும்ல? விருதைக் குடுக்க மாட்டேன்னுட்டா என்ன செய்ய?”

“அப்ப நீங்களும் எறங்கி நடங்கண்ணே. உங்களுக்கும் எழுச்சி வரட்டும்.”

யாரும் இறங்கவில்லை. வேட்டி அழுக்காகிவிடும்.

சோணையம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகள் கையைப் பிடித்து ஓட ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகளும் பின்னால் ஓடின.

முன்னால் நின்ற ஜீப்பிலிருந்து தலைவர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பார்த்தீர்களா? வண்டியும் இல்லை என்றதும் கால்களில் எவ்வளவு எழுச்சி! இத்தனை நாளாக அந்த வண்டியே தடையாக இருந்திருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்.”

நாங்கள் டிராக்டரில் இருந்தபடியே கைதட்டினோம். மலையாண்டி ஹாரன் அடித்தார். பிள்ளைகள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டன.