மணையிலிருந்து எழுந்திருக்க எத்தனை கலோரி

குரும்பகரம்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்.

என் அன்புக்கும் உங்கள் அக்காவின் அசைக்க முடியாத நம்பிக்கைக்கும் உரிய மைத்துனர் ராஜ்மோகனுக்கு, அத்தான் அம்பலவாணன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்கா தையல்நாயகி, மகள் தீபா மூவரும் சௌக்கியம். பாண்டியில் நீங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருக்கத் திருநள்ளாற்று ஈசனை வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். வாட்ஸ்அப்பில் போடலாமென்றால், போன மாதம் என் எடையை உங்களுக்கு மட்டும் அனுப்புவதாக நினைத்துக் கல்யாண மண்டபத்துக்காரர்கள் இருக்கும் குழுவில் போட்டுவிட்டேன். மண்டபத்து மேலாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஆகவே தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் தீபாவின் நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் பந்தியில் இருந்தீர்கள், அதனால் முழுவதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டோம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, எல்லோரும் எழுந்தார்கள், நான் எழவில்லை. முதலில் ஏதோ பிரார்த்தனை செய்கிறேன் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். பிறகு சம்பந்தி முத்தையன் ஒரு கையைப் பிடித்து இழுக்க, சமையல்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்க, ஒருவழியாக எழுந்தேன். வீடியோக்காரர் மோதிரம் போட்டதைக்கூட அவ்வளவு பொறுமையாக எடுக்கவில்லை, இதை மூன்று கோணத்தில் எடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் அதற்குப் பின்னணி இசை சேர்த்துப் பார்த்ததாகக் கேள்வி. தையில் கல்யாணம். அன்றைக்கு மணையில் உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டும், வார்த்துவிட்டு எழுந்திருக்கவும் வேண்டும். தீபா என் பக்கத்தில் வந்து, "நாற்காலி போட்டுக்கலாம்ப்பா, இப்பல்லாம் நிறைய பேரு அப்படித்தான் செய்யறாங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள், எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரே பெண்ணை, ஆபீசில் கோப்பில் கையெழுத்துப் போடுகிற தோரணையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டா கொடுப்பது? மணையில்தான் உட்காருவேன், நானாகத்தான் எழுவேன் என்று சொல்லிவிட்டேன். எடையைக் குறைத்தால் முடியும் என்றார் டாக்டர். கலோரியைக் குறைத்தால் எடை குறையும் என்றார்கள் எல்லோரும். எத்தனை கலோரிக்குக் குறைப்பது என்று வந்தபோதுதான் குடும்பத்தில் சனி புகுந்தது.

முதல் எண் உங்களுடையது. ஜிம்முக்குப் போகிறவர் என்ற தகுதியில் ஆயிரத்து இருநூறு என்று சொன்னீர்கள், அதோடு நிற்காமல் சமையலறைத் தராசு ஒன்றையும் அனுப்பி வைத்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் அக்கா இட்லியை அதில் வைத்து நிறுத்த கண்டிப்பை நான் நகைக்கடையில்கூடப் பார்த்ததில்லை. சட்னியை நிறுத்தாள். வஞ்சிரத் துண்டைத் தராசில் வைத்துவிட்டு, முள்ளைச் சேர்ப்பதா கழிப்பதா என்று உங்களுக்குப் போன் போட்டாள், நீங்கள் முள்ளோடு என்று சொன்னதாகத் தெரிகிறது. நான் முள்ளைச் சாப்பிடுவதில்லை, மாப்பிள்ளை. அந்த வாரம் நம் வயலில் சம்பா நடவு. காலையில் இரண்டு இட்லியை நம்பி வரப்பில் போய் நின்றேன். வெயில் ஏற ஏறக் கண்ணுக்கு முன்னால் நாற்றெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, நல்ல விளைச்சல் என்று நினைத்த மாத்திரத்தில் கால் வழுக்கி, நட்ட வயலுக்குள் மல்லாந்து விழுந்தேன். நடவுக்காரப் பெண்கள் வரிசையை விட்டு வந்து, ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்து என்னை வரப்பில் சேர்த்தார்கள். அவர்களுக்குத் தலைவியான அஞ்சுகம் தன் தூக்குவாளியிலிருந்த கஞ்சியை என் கையில் கொடுத்து, "மொதல்ல இதக் குடிங்கய்யா, பொறவு மெலியலாம். நீங்க விழுந்த எடத்துல மறுபடி நடணும்" என்றாள். குடித்தேன். கஞ்சியைத் தராசில் வைக்காததால் அன்றைய கணக்கு என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது.

ஆயிரத்து இருநூறு என் உயிருக்கு ஆபத்து என்று நான் வாதாட, தீபா என் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். வயது, உயரம், எடை எல்லாம் உள்ளபடி போட்டேன். அடுத்து, நீங்கள் உட்கார்ந்தே இருப்பவரா, கொஞ்சம் நடமாடுபவரா, கடினமாக உழைப்பவரா என்று கேட்டது. ஓய்வு பெற்றபின் வயல் வேலையெல்லாம் என் மேற்பார்வை. நடுவது அவர்கள்தான், ஆனால் பார்க்கிறவனுக்கும் அலுப்பு உண்டு. கடின உழைப்பு என்பதை அழுத்தினேன், இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வந்தது. ஒரு இயந்திரம் என்னை இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டதில்லை. நடந்தால் மேலும் கொஞ்சம் கொடுக்கிறது என்று கண்டுபிடித்து, சாயங்காலம் பஸ்ஸில் திருவேட்டக்குடிக்குப் போய்க் கடற்கரையில் நடந்தேன், நடந்ததற்கு ஈடாக அங்கேயே நாலு பஜ்ஜிக்கு இடம் கிடைத்தது. மாதக் கடைசியில் எடை மெஷினில் ஏறினால், தொண்ணூற்றெட்டாக இருந்த நான் நூறாகியிருந்தேன். உங்கள் அக்காவோ தம்பி சொன்ன ஆயிரத்து இருநூற்றைத் தானும் பிடித்துக்கொண்டு, கல்யாண ரவிக்கைகளையெல்லாம் தையற்காரரிடம் திரும்பக் கொண்டுபோகும்படி மெலிந்துவிட்டாள். தெருவில் அவளை நிறுத்தி ரகசியம் கேட்கிறார்கள். என்னை நிறுத்தி யாரும் எதுவும் கேட்பதில்லை.

சந்தேகப்பட்ட தீபா என் போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "அப்பா, நீங்க எப்பலேர்ந்து நாத்து நடுறீங்க?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்தே இருப்பவர் என்பதை அழுத்தினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் எண் ஆயிரத்து அறுநூறாகச் சரிந்தது. அரசாங்கத்தில் ஒருவனை வேலையை விட்டு எடுப்பதானால்கூட விளக்கம் கேட்பார்கள். ஆக, அக்காவுக்கு ஒரு எண், போனுக்கு ஒரு எண், எனக்கு ஒரு எண் என்று ஒரு வீட்டில் மூன்று எண்கள். பேச்சு முற்றி, தையல்நாயகி உங்களை இழுக்க, நான் உங்கள் ஜிம்மை இழுக்க, அவள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். தட்டு மட்டும் வரும், அதில் தராசில் நிறுத்த சோறு இருக்கும். இரண்டு நாள் பார்த்துவிட்டு தீபா எங்கள் இருவரையும் கூடத்தில் உட்கார வைத்து, "எனக்காக மெலியறேன்னு ஆரம்பிச்சு நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்க. இதப் பாத்துட்டு நான் எப்படிக் கெளம்பிப் போறது?" என்றாள். மறுநாளே மூவருமாகக் காரைக்கால் போனோம்.

அங்கே ஒரு மருத்துவமனையில் உம்மு சல்மா என்று உணவு ஆலோசகர், தீபா வயதுதான் இருக்கும். எண்ணைச் சொல்லாமல், ஒரு நாளைக்கு என்னவெல்லாம் சாப்பிடுகிறேன் என்று கேட்டது அந்தப் பெண். சொன்னேன். நான் விட்டதையெல்லாம் உங்கள் அக்கா எடுத்துக்கொடுத்தாள், பேசாமலிருந்தவள் அதற்காக மட்டும் பேசினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆயிரத்து எரநூறு உங்க ஒடம்புக்குக் காணாதுங்கய்யா. ஆயிரத்து எழுநூறுல ஆரம்பிங்க, எறங்கறதப் பாத்து மாத்திக்கலாம். ஆனா தரையிலேர்ந்து எந்திரிக்கத் தொடையில பலமும் வேணும். நாற்காலியிலேர்ந்து கைய ஊனாம எந்திரிச்சுப் பழகுங்க" என்றது. பிறகு உங்கள் அக்கா பக்கம் திரும்பி, அவள் மெலிந்தது போதும், இன்னும் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று கண்டித்துச் சொன்னது. எனக்கு ஒரே சந்தோஷம். திரும்பும்போது பஸ்ஸில், உனக்கு யார் குறைக்கச் சொன்னது என்று வெற்றிக்களிப்போடு கேட்டேன். "நீங்க பசியோட இருக்கறப்ப எனக்கு மட்டும் எப்படி எறங்கும்?" என்றாள். அந்தச் சமயத்தில் நான் பசியோடு இல்லை, பஜ்ஜியோடு இருந்தேன் என்று விளக்க பஸ் வசதியான இடமில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டேன்.

இப்போது ஆயிரத்து எழுநூறில் நிற்கிறேன். எடை தொண்ணூற்றாறுக்கு இறங்கியிருக்கிறது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறேன். உங்கள் அக்கா மட்டும் இன்னும் தன் தட்டில் ஆயிரத்து இருநூறை விடவில்லை. ஆகையால் இந்தக் கடிதத்தின் நோக்கம் இரண்டு. நீங்கள் போட்ட எண்ணை நீங்களே உங்கள் அக்காவிடம் வாபஸ் வாங்க வேண்டும், நாங்கள் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அடுத்தது, கல்யாணத்தில் யாராவது நாற்காலிப் பேச்சை எடுத்தால் தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் அடக்கிவைக்க வேண்டும். என் முடிவில் மாற்றமில்லை. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும். எல்லோரும் நோயின்றி, பசித்த வேளையில் பசித்த அளவு சாப்பிட்டு நீடூழி வாழ வாழ்த்தும்,

அத்தான்
அம்பலவாணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சம்பந்தி முத்தையன் போன் செய்தார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம், இனித் தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், இரண்டு வீட்டாருக்கும் நாற்காலியே போட்டுவிடலாமா என்று கூச்சத்தோடு கேட்டார். அவருக்காகச் சரி என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதிய எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். ஆனால் மனசு ஆறவில்லை. இவ்வளவு பாடுபட்டது முடிகிறதா என்றாவது தெரிய வேண்டாமா என்று கூடத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். எழுந்துவிட்டேன், மாப்பிள்ளை, எதையும் பிடிக்காமல். பார்க்கத்தான் யாருமில்லை. உங்கள் அக்காவையும் தீபாவையும் கூப்பிட்டு, இதோ பாருங்கள் என்று மறுபடி உட்கார்ந்தேன். இந்தப் பின்குறிப்பைத் தரையிலிருந்துதான் எழுதுகிறேன். தையல்நாயகி ஆள் கூப்பிடத் தெருவுக்குப் போயிருக்கிறாள். அதுவரை பசிக்குமே என்று தீபா தோசை சுட்டுக்கொண்டு வந்து, எனக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்து, ஒரே தட்டில் இருவரும் சாப்பிடுகிறோம். எத்தனை கலோரி என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தைக்குப் பிறகு இப்படி உட்கார அவள் இங்கே இருக்கமாட்டாள். ஆள் கொஞ்சம் மெதுவாகவே வரட்டும்.