டப்பா சாரும் அஞ்சறைப் பெட்டியும்

மின்சாரம் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷினின் பிளக்கை டப்பா சார் அளவுக்கு நிம்மதியான முகத்தோடு பிடுங்கிய மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. பக்கத்து நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வேங்கிக்காலில் ஒரு கிரில் பட்டறைக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் கம்பெனி இருந்தது. கையில் பிடித்துக்கொள்கிற சின்ன மெஷின்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுவது தொழில். பெரிய கம்ப்யூட்டர், சர்வர் என்று எதுவும் வெளியே கிடையாது. விவரமெல்லாம் அந்த மெஷினுக்குள்ளேயே ஒரு டேட்டாபேஸில் குடியிருக்கும். பாலிடெக்னிக் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்த மேடம்தான் முதலாளி. எழுதுவது நானும் டப்பா சாரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பையில் ஏழு டப்பாக்கள் இருந்தன. சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர், ஊறுகாய். ஏழாவதில் உப்பு. அந்த மத்தியானமே பெயர் வைத்தாகிவிட்டது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "டேட்டாபேஸ்னு பெருசா சொல்றோமே சார், அதுவும் ஒரு டப்பாதானே" என்றார்.

அவர் எழுதுகிற எதிலும் ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனி டேட்டாபேஸ் இருக்கும். ஒரே டேட்டாபேஸுக்குள் தனித்தனிப் பட்டியலாகப் பல டேபிள் போடலாமே என்று கேட்டால், முன்பின் தெரியாமல் வந்து தங்க இடம் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். "ஒண்ணு கெட்டா இன்னொண்ணு நிக்கணும் சார்." இதை நிரூபிக்கத்தான் பிளக்கைப் பிடுங்குவார். நான் டைப் அடித்துக்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து ஒரு கை வரும். ஸ்கிரீன் கறுத்துவிடும். "இப்ப இன்னா மிச்சம் கீதுன்னு பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு தடவை கீழே பட்டறையில் வெல்டிங் மெஷின் பிளக்கையும் பிடுங்கிவிட்டார். பட்டறைக்காரர் மேலே ஏறி வந்து கேட்டதற்கு, "உங்க மெஷின்ல எதுவும் அழியலீங்களே? அப்ப நல்ல மெஷின்தான்" என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் இருந்த ஒரு கஃபேக்கு ஆர்டர் எடுக்கும் மெஷின் செய்து கொடுத்தோம். டப்பா சார் குடிப்பதற்கு ஒரு டேட்டாபேஸ், தின்பதற்கு ஒரு டேட்டாபேஸ் போட்டார். லெமன் டீயும் வாழைப்பழ பேன்கேக்கும் கேட்ட ஒரு வெள்ளைக்காரருக்கு இரண்டு டோக்கன் வந்தது. மெஷின் கணக்கில் அவர் இரண்டு ஆள். கடைக்காரர் எங்களுக்கு போன் செய்து கத்தினார். அந்த வெள்ளைக்காரர் மட்டும் கோபப்படவில்லையாம். தான் ஒருவனா, பலவா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் இந்த ஊருக்கே வந்திருந்தார். மறுநாளும் வந்து அதே இரண்டையும் கேட்டிருக்கிறார்.

இந்த நிலையில்தான் ஒரு தொண்டு அமைப்பு எங்களைத் தேடி வந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் எட்டு லிங்கத்துக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு உதவிப் பந்தல் போடுகிறார்கள். கூட்டத்தில் ஆள் தொலைந்துபோகிறார்கள், பை தொலைந்துபோகிறது. தேடி வருகிறவர் சொல்வதை ஒரு பக்கம் எழுத வேண்டும். கண்டெடுத்துக் கூட்டிவருகிறவர் சொல்வதை இன்னொரு பக்கம் எழுத வேண்டும். அன்றைக்கு ஊரில் எந்த செல்போனிலும் சிக்னல் நிற்காது. அதனால் பந்தலுக்கு ஒரு மெஷின், எல்லா விவரமும் அதற்குள்ளேயே.

காணாமல்போன ஆள், கிடைத்த ஆள், காணாமல்போன பொருள், கிடைத்த பொருள் என்று நாலு பட்டியல். டப்பா சார் நாலு டேட்டாபேஸ் என்றார். நான் ஒரே டேட்டாபேஸ், அதற்குள் நாலு டேபிள் என்றேன். பதினோரு நாள் சண்டை நடந்தது.

மேடத்துக்குப் புரிவதற்காக நான்தான் அஞ்சறைப் பெட்டியை இழுத்தேன். "ஒரே பெட்டி மேடம். தொறந்தா கடுகு, சீரகம், மஞ்சள் எல்லாம் கைக்குக் கிட்ட இருக்கும். சாரு சொல்ற மாதிரி ஒவ்வொரு டப்பாவா தொறந்து மூடுறதுக்குள்ள எண்ணெய் கருகிடும்."

"பெட்டி கவுந்தா?" என்றார் டப்பா சார்.

"எதுக்குக் கவுறப்போகுது?"

"பெட்டின்னு இருந்தா கவுறும் சார்."

"காணாமப் போனவங்களும் கிடைச்சவங்களும் ஒரே எடத்துல இருந்தாதானே மெஷின் பொருத்திப் பார்த்துச் சொல்லும்?"

"மொதல்ல ரெண்டும் உசுரோட இருக்கட்டும். பொருத்தம் அப்பறம் பாக்கலாம்."

பன்னிரண்டாம் நாள் மேடம் பொறுமை இழந்தார். பாகப்பிரிவினையில் வீட்டு நடுவே சுவர் எழுப்புகிற பெரிய மனுஷர் தோரணையில் தீர்ப்பு சொன்னார். "எட்டு மெஷின் இருக்கு. நாலு உங்க மாதிரி, நாலு அவர் மாதிரி. பௌர்ணமி சொல்லட்டும் எது சரினு. எனக்கு இனிமே யாரும் கடுகு, சீரகம்னு பேசக்கூடாது."

அந்த மாதம் திதி விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டதால் காலை எட்டு மணிக்கே பாதை நிறைந்துவிட்டது. நானும் டப்பா சாரும் கூட்டத்தோடு நடந்து ஒவ்வொரு பந்தலாகப் பார்த்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. இந்திர லிங்கத்தில் என் மெஷின் ஒழுங்காக ஓடியது. நான் அவரைப் பார்த்தேன். அக்னி லிங்கத்தில் அவர் மெஷின் ஒழுங்காக ஓடியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே மலையைப் பார்த்தார். அது இன்னும் மோசம்.

எம லிங்கத்துப் பந்தலுக்குப் போனபோது வாலண்டியர் ஒருவர் என் மெஷினைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் நின்னாப்ல இருந்துச்சு. அதான் பேட்டரியக் கழட்டி மாட்னேன். இப்ப ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது."

எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பேட்டரியை உருவியிருக்கிறார். என் டேட்டாபேஸ் ஒரே ஃபைல். அது கெட்டதும் நாலு பட்டியலும் சேர்ந்து போய்விட்டன. காலையிலிருந்து பதிந்த அத்தனை பேரும் காணோம். பந்தலைச் சுற்றி இருபது முப்பது பேர் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டப்பா சார் குத்திக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேரே போய்ப் பந்தலில் இருந்த மைக்கை எடுத்தார். அவருக்குக் குரல் மெல்லிசு. ஆனால் சொற்கள் தெளிவாக இருக்கும்.

"பக்தர்களின் கவனத்திற்கு. இந்தப் பந்தலில் தொலைந்துபோனதாகப் பதிவு செய்யப்பட்டவர்கள் அனைவரும் மீண்டும் தொலைந்துபோய்விட்டார்கள். தயவுசெய்து மறுபடியும் வந்து பெயர் கொடுக்கவும்."

கூட்டத்தில் ஒருத்தர் தலையில் கைவைத்தார். ஆனால் எல்லோரும் வந்தார்கள். காகிதத்தில் எழுதி, ஒரு மணி நேரத்தில் பட்டியலை மறுபடி தேற்றினோம். கிளம்பும்போதுதான் டப்பா சார் கேட்டார். "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வருண லிங்கத்துப் பந்தல் அவருடையது. மெஷின் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுப் பந்தலையும் இரண்டாகப் பிரித்து நடுவில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். முன்பக்கம் தேடி வருகிறவர்கள், பின்பக்கம் கண்டெடுக்கப்பட்டவர்கள். முன்பக்கம் ஒரு பெஞ்சில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். சேத்துப்பட்டுப் பக்கம் விவசாயி.

"தங்கச்சியக் காணம்ங்க. வாய் பேசாது, காதும் கேக்காது. பச்சப் பொடவ கட்டியிருந்துச்சு. ரெண்டு மணி நேரமா இங்கயேதான் குந்தினு கீறேன். மெஷின்ல எழுதிக்கினாங்க, இரு, வந்தா சொல்றோம்னாங்க."

டப்பா சார் மெஷினை வாங்கினார். காணாமல்போன ஆள் டேட்டாபேஸில் அந்த அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாமல் இருந்தது. அதை மூடிவிட்டுக் கிடைத்த ஆள் டேட்டாபேஸைத் திறந்தார். 'பெண், வயது நாற்பது இருக்கலாம், பெயர் தெரியவில்லை, பேசவில்லை, பச்சைப் புடவை.' அதே பந்தல். பதிந்து ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. முன்பக்கத்துக்காரர் மெஷினை வாங்கினால் ஒன்றை மட்டும் திறந்து எழுதுவார், பின்பக்கத்துக்காரர் வாங்கினால் இன்னொன்றை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த மெஷினில் வழியே இல்லை. வழி வைக்காதவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் தார்ப்பாயைத் தூக்கினார். ஆறடி தள்ளி, அண்ணனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் ஓடிப்போய்த் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, ஏம்மா" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். டப்பா சார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு என்னுதுங்க. இவங்க யார் மேலயும் இல்ல."

அந்த அம்மா மெஷினைக் காட்டி, தன் காதைக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் டப்பா சார்.

"அந்த மெஷினுக்குக் காது கேக்காதானு கேக்குறா" என்றார் அண்ணன்.

"கேக்கும்மா. நாந்தான் கேக்க விடல."

டப்பா சார் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். தரையில் சம்மணமிட்டு, இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் பென்சிலால் எழுதி, ஒவ்வொரு பெயராகப் பொருத்திப் பார்த்தார். இன்னும் மூன்று ஜோடி அகப்பட்டார்கள். மீதிப் பந்தல்களிலும் இதையே செய்தோம். நான் வாசிப்பேன், அவர் கோடு இழுப்பார். ஈசான்ய லிங்கம் வந்து சேரும்வரை எங்களுக்குள் சண்டை இல்லை. பழக்கமில்லாததால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

இரண்டு நாள் அவர் ஆபீஸுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளோடு வந்து மேடம் மேஜையில் வைத்தார்.

"ரெண்டு டேட்டாபேஸ் மேடம். ஆளுங்களுக்கு ஒண்ணு, பொருளுக்கு ஒண்ணு. ஆளுங்க டேட்டாபேஸ் உள்ள, காணாமப் போனவங்க ஒரு டேபிள், கிடைச்சவங்க ஒரு டேபிள். ஒண்ண ஒண்ணு தேடுறதெல்லாம் ஒரே வீட்டுல இருக்கணும். குடைக்கும் செருப்புக்கும் ஆளோட இன்னா வேல? அது தனி வீடு. அது கெட்டாலும் ஆளுங்க பத்திரமா இருப்பாங்க."

நான் என் பங்குக்கு, ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் இன்னொரு மெமரி கார்டில் நகல் எடுக்கிற வேலையைச் சேர்த்தேன். மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கா பதினோரு நாளு?"

டப்பா சார் எழுந்து போய் என் மெஷினின் பேட்டரியை உருவினார். எதுவும் அழியவில்லை. தலையை ஒரு தடவை ஆட்டினார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

சில மாதம் கழித்து, புது சாஃப்ட்வேர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒரு பௌர்ணமியன்று மறுபடி இரண்டு பேரும் நடந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். குபேர லிங்கத்துக்கு முன்னால் கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. திரும்பிப் பார்த்தால் டப்பா சாரைக் காணோம். போன் போகவில்லை. அரை மணி தேடினேன். அவருக்கு சர்க்கரை உண்டு, மாத்திரை என் பையில் இருந்தது. பயம் வந்துவிட்டது. பந்தலுக்கு ஓடினேன். மெஷினோடு ஒரு வாலண்டியர் பெண் உட்கார்ந்திருந்தார்.

டப்பா சாரின் பெயர், வயது, சட்டை நிறம் எல்லாம் சொன்னேன்.

"உங்களுக்கு இன்னா உறவுங்க?"

"உறவுனு ஒண்ணும் இல்லம்மா. கூட வேல பாக்குறவரு."

"உறவு போடலனா அடுத்த பக்கம் போகாதுங்க."

"'மற்றவை'ன்னு போடுங்க."

போட்டார். அப்புறம் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். டைப் அடித்தவர் மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், காணாமப் போனவங்க லிஸ்ட்ல உங்க பேரு இருக்குதுங்களே. இருபது நிமிஷம் முந்தி ஒரு பெரியவரு வந்து கொடுத்துட்டுப் போனாரு. அதோ, அந்த டீக்கடையில குந்தினு இருக்காரு பாருங்க."

மெஷினை வாங்கிப் பார்த்தேன். என் பெயர். நீலச் சட்டை. அடையாளம் என்ற இடத்தில், 'சொன்னால் கேட்க மாட்டான்' என்று இருந்தது. பதினோரு வருஷமாக சார், சார் என்று கூப்பிட்டவர், உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று கொடுத்திருந்தார்.

மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்த 'மற்றவை'ய அழிச்சிட்டு 'அண்ணன்'னு போடும்மா."

"அதான் ரெண்டு பேரும் கிடைச்சிட்டீங்களே சார், இனிமே எதுக்கு?"

"பரவால்ல. போடும்மா."