பன்னிரண்டாம் இலக்கப் பேய்

எழுபத்திரண்டாம் ஆண்டு ஆடி மாதம் நெடுந்தீவுக்கு வந்த லோஞ்சுப் படகு ஒவ்வொன்றும் சரிந்தபடிதான் வந்தது. அத்தனை சனம். எல்லாம் சிவபாதச் சாமியாரைப் பார்க்க. உள்ளங்கையில் மஞ்சளைப் பூசி, அதன்மேல் தீர்த்தம் விடுவார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் ஆள் சுத்தம். இரத்தச் சிவப்பானால் உள்ளே பேய். பேய்க்கும் நல்ல கண். காப்பு, சங்கிலி போட்ட உடம்பாகப் பார்த்துத்தான் குடியேறியது.

சீதேவி கலியாணம் முடித்து ஊருக்கு வந்து ஐந்து மாதம். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவள். மாமியார் இலட்சுமிப்பிள்ளைக்கு முழங்கால் வீங்கியது மருமகள் வந்த பிறகுதான். ஆகவே சீதேவியின் கையும் சாமியார் முன் நீட்டப்பட்டது. சிவந்தது.

"பொல்லாதது," என்றார் சாமியார். "கழிக்கிறதெண்டால் காப்பு ரெண்டையும் வைக்கவேணும்."

"கழட்டும் பிள்ளை. இல்லாட்டி நாளைக்குத் தாய் வீட்டுக்கு லோஞ்சேறும்," என்றாள் மாமியார்.

சீதேவிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் ஒன்றைக் கவனித்திருந்தாள். சாமியாரிடம் தீர்த்தச் செம்பு இரண்டு. முன்னால் நின்ற வெறுங்கைக்காரிக்கு இடப்பக்கச் செம்பு. தனக்கு வலப்பக்கச் செம்பு.

படிப்பித்த நாளிலிருந்து கைப்பையில் கிடந்த பி.எச். தாளை எடுத்தாள்.

"மாமி, இதின்ர நிறத்தைப் பார்த்து இலக்கம் சொல்லலாம். ஏழெண்டால் நடு. குறைஞ்சால் எலுமிச்சம்புளி போல அமிலம். கூடினால் சுண்ணாம்பு போலக் காரம்."

இடச்செம்பில் நனைத்தாள். பச்சை; ஏழு. வலச்செம்பில் நனைத்தாள். கத்தரிப்பூ நிறம், பன்னிரண்டு.

"இது தெளிய வைச்ச சுண்ணாம்புத் தண்ணி. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்."

"தெய்வத்தை அளக்க ஏலாது," என்றார் சாமியார்.

"தெய்வத்தை அளக்கேல்லை. செம்பைத்தான் அளந்தனான். உங்கட கையை நீட்டுங்கோ."

அவர் நீட்டவில்லை. இலட்சுமிப்பிள்ளை பாய்ந்து பிடித்து நீட்டினாள். அந்த முழங்காலோடு அவள் பாய்ந்ததுதான் அன்று நடந்த ஒரே அற்புதம். மஞ்சள் பூசி வலச்செம்புத் தண்ணீரை விட, சாமியாரின் கையும் சிவந்தது. பேய் கழிக்க அவர் வைத்திருந்த எலுமிச்சங்காயையே சீதேவி பிழிந்தாள். திரும்ப மஞ்சளானது.

"சாமிக்கும் கழிஞ்சுது. காப்பு வைக்காமலே."

"அப்ப என்ர சங்கிலி?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. பிறகு எல்லோரும் கேட்டார்கள். சாமியாரின் மூட்டை அவிழ்ந்தது. நகைகள் உடையவர்களிடம் போயின. சாமியார் துறைக்கு ஓடினார்.

சங்கிலி கிடைத்தவள் சீதேவியின் கையைப் பிடித்தாள். "பிள்ளை, உந்தக் கடதாசி சாதகப் பொருத்தமும் பார்க்குமோ?"

"பார்க்காது, அக்கா. அது தண்ணியைத்தான் பார்க்கும். மற்றதுக்கெல்லாம் கழுத்துக்கு மேல ஒண்டு இருக்கு. இடைக்கிடை அதையும் பாவியுங்கோ."