பெரிய பச்சைப் பட்டன்

பின்னறையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று கணக்கர் சபதமே எடுத்திருந்தார். மாற்றலாகி வரும் தன் அண்ணன், வாடகைக்கு வீடு கிடைக்கிற வரைக்கும் அங்கே தங்கட்டும் என்று மனைவி கேட்டுக்கேட்டு அலுத்துப்போனாள். அவர் மசியவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் தூங்கக்கூடிய ஒரே இடம் அது. போன ஊரில் மைத்துனர் வீடு தேடி முடிப்பதற்குள் அடுத்த மாற்றலே வந்துவிட்டது.

அன்று காலை கணக்கர் கம்ப்யூட்டர் முன்னால் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். மாலைக்குள் முதலாளிக்கு அனுப்ப வேண்டிய வருடக் கணக்கு அதற்குள் இருந்தது. திறக்கப்போனால் சோபா விளம்பரம் வந்தது. சோபாவை மூடினால் வழுக்கைக்குத் தைலம் வந்தது. தைலத்தை மூடினால் இரண்டு சோபா வந்தன. திரையின் மூலையில் ஒரு பச்சைக்கிளி உட்கார்ந்துகொண்டு, இன்று வெயில் கொளுத்தும் என்றது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இங்க வாயேன்! இந்தக் கிளி யாரு?"

மனைவி ஆஸ்பத்திரியில் அட்மிஷன் கவுன்ட்டரில் இருப்பவள். அவசரத்தில் வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவதே அவள் உத்தியோகம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"நேத்து என்னத்தை இறக்கினீங்க?"

"தனித்தனிப் பக்கத்தை ஒண்ணாச் சேர்க்கிற சாஃப்ட்வேர். ஓசிதான்!"

"ஓசியில குடுக்கறவன் எதைச் சாப்பிடுவான்?"

"நல்ல மனசுல குடுக்கறான்."

"நல்ல மனசுதான். கிளிக்காரன், சோபாக்காரன், தைலக்காரன் எல்லாரும் இவனுக்குக் காசு குடுப்பாங்க. இவன் தன் சரக்கோட சேர்த்து அவங்களையும் உங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து விட்டுருவான்."

"நான் கூப்பிடவே இல்லையே!"

"சரி, சரின்னு அமுக்கினீங்கள்ல?"

அமுக்கினார்தான். பெரிய பச்சைப் பட்டன். 'எளிய முறை' என்று போட்டிருந்தது. எளிய முறையை யார் வேண்டாம் என்பார்கள்?

"பக்கத்துலயே மங்கலா, பொடி எழுத்துல 'நானே தேர்வு செய்கிறேன்'னு இருந்திருக்கும். அதுல போனா கிளி வேணுமா, சோபா வேணுமான்னு ஒவ்வொண்ணாக் கேட்கும். வேணாம்னு டிக்கை எடுத்துடலாம். ஆனா அவசரத்துல இருக்கறவன் பெரிய பட்டனைத்தான் அமுக்குவான். அவங்க பொழப்பே அதுலதான் ஓடுது."

கணக்கருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கே ரத்தம் கொதித்தது.

"என்ன அக்கிரமம்! இனிமே எவனும் என்னை இப்படி ஏமாத்த முடியாது!"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு காலில் செருப்போடு அவர் கெஞ்சினார். "சாயந்திரத்துக்குள்ள இதைச் சரி பண்ணிடுவியா?"

"இன்னிக்கு எனக்கு லீவுதான். ரெண்டு விதமாப் பண்ணலாம். நீங்களும் லீவு போட்டுட்டுப் பக்கத்துல உட்காருங்க. எதை எடுக்கறது, எதை வைக்கறதுன்னு ஒவ்வொண்ணா உங்களைக் கேட்டுக்கேட்டுப் பண்றேன். இல்லைன்னா நீங்க நிம்மதியா ஆபீஸ் போங்க. கம்ப்யூட்டர், பின்னறை, அண்ணனுக்குப் போன், எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

'கம்ப்யூட்டர்' என்றது தெருவுக்கே கேட்டது. அதற்கப்புறம் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது. கையில் குடையை வேறு திணித்தாள்.

"சரி, சரி!" என்று கணக்கர் படியிறங்கி ஓடினார். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கு ஓசி சாஃப்ட்வேரின் சதியை விளக்கி, கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மாலையில் கம்ப்யூட்டர் பளிச்சென்று இருந்தது. கிளி போன இடம் தெரியவில்லை. கணக்கை அனுப்பிவிட்டு, கொஞ்சம் தலையைச் சாய்க்கலாம் என்று பின்னறைக் கதவைத் தள்ளினார்.

அவர் கட்டிலில் மைத்துனர் படுத்திருந்தார். "வாங்க மாப்ள! எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!"

கணக்கர் சமையலறைக்கு ஓடினார்.

"யாரைக் கேட்டு...?"

"காலைல கேட்டேன். சரின்னீங்க. ரெண்டு தடவை."

"நான் கம்ப்யூட்டருக்குத்தான் சரின்னேன்!"

"ஒவ்வொண்ணாக் கேட்கறேன்னுதான் முதல்ல சொன்னேன். உங்களுக்குத்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அப்ப, கிளியை எடுத்த மாதிரி இவரையும் எடுத்துடு!"

"கிளிக்கு இந்த வீட்டுல தங்கச்சி இல்லீங்க."

கணக்கர் குரலைத் தாழ்த்தினார். "ரத்து பண்ண ஒரு பட்டன் இருக்குமே?"

"அதெல்லாம் முந்தின பக்கத்தோட போச்சு. கடைசிப் பக்கத்துல 'முடிந்தது'ன்னு ஒண்ணுதான் இருக்கும்."

உள்ளேயிருந்து மைத்துனர் இன்னொரு தலையணை கேட்டார். கணக்கர் தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.