பதினஞ்சாந்தேதி வந்த புதுத் தண்ணி

உக்காருங்க, உக்காருங்க. பெஞ்சுல இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. பேச்சக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா. உங்க போர்வை வெளிய வர முக்கா மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வாய் என்னுது, காது உங்களுது.

இந்தச் சலவைக் கடைக்கு நான்தான் முதலாளி. சிரிக்காதீங்க. கல்லாவுல உக்காந்திருக்கற என் வீட்டுக்காரியும் சிரிக்கிறா பாருங்க. மூலையில இஸ்திரி போடுறாரே, அவரு மட்டும் சிரிக்க மாட்டாரு. வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுற மனுஷன். இந்த வருஷத்துக் கணக்க இன்னும் தொடவே இல்ல.

ரெண்டு மாசம் முந்தி லாட்ஜ் மேனேஜர் வந்தாரு. நம்ம பெரிய மெஷின் சுத்துறதே அவரு துண்டாலதான். ஒரு துண்ட எடுத்து மேசையில விரிச்சாரு.

"இது என்ன கலர்?"

"வெள்ளைங்க."

"மேகம் மாதிரி இருக்கே?"

"மேகமும் வெள்ளைதானுங்களே!"

"இது மழை மேகம்யா. ஒரு மாசம் டைம். வெளுக்கலைன்னா வேற கடை பாத்துக்கறேன்."

அவரு போனா பெரிய மெஷின் நிக்கும். மெஷின் நின்னா இஸ்திரிக்காரர எப்படி வெச்சுக்கறது?

வீட்டுக்காரி சொன்னா: "ஏங்க, மெஷினுக்குள்ள துணிய மிதிச்சு அடைக்கிறீங்க. அது பொரள எடம் வேணாமா? பாதிப் பாதியா போடுங்க."

"எனக்கே சலவை சொல்லித் தர்றியா? குத்தம் தண்ணியில!"

"தண்ணி என்ன பண்ணுச்சு?"

"பழைய கம்பெனித் தண்ணி. சலிச்சுப் போன தண்ணி. மாத்திக் காட்டுறேன் பாரு!"

இப்பதான் புதுச் சட்டம் வந்திருக்கே, கடை வெச்சிருக்கறவங்க தண்ணிக் கம்பெனிய இஷ்டப்படி மாத்திக்கலாம்னு? புதுக் கம்பெனிக்குப் போட்டேன் போன. எடுத்தவன் குரல் இருக்கே, காதுல வெண்ணெய் தடவுற மாதிரி. "சார்ர்ர், நீங்க பழைய கம்பெனிகிட்ட பேசவே வேணாம் சார், எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார். ஒரு நிமிஷம்கூட தண்ணி நிக்காது சார்."

"புதுத் தண்ணி எப்பய்யா வரும்?"

அவன் கொஞ்சம் முழுங்கினான். "பதினஞ்சாந்தேதி மாறிடும் சார்ர்ர்."

பதினஞ்சு காலையில பின்கட்டுக் குழாய்கிட்ட டம்ளரோட நின்னேன். குடிச்சேன். ஆஹா! என்ன லேசு! என்ன இனிப்பு! இஸ்திரிக்காரருக்கும் ஒரு டம்ளர் குடுத்தேன். குடிச்சாரு, டம்ளரக் கவுத்து வெச்சாரு.

வீட்டுக்காரி மொகத்துல சந்தோஷம். "அப்படிங்களா? தெனமும் துணி போட்டதும் போய்க் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. அவசரப்படாம, ரசிச்சுக் குடிங்க."

ரசிச்சுக் குடிச்சேன். பத்தே நாள். துண்டப் பாத்தா கண்ணு கூசுது! மேனேஜர் தடவிப் பாத்தாரு. "என்னய்யா பண்ணுனே?"

"தண்ணிய மாத்தினேன் சார்!"

"தொடர்ந்து நீயே போடு"ன்னுட்டுப் போயிட்டாரு. நான் வீட்டுக்காரிகிட்ட திரும்பினேன். "இப்ப என்ன சொல்ற? தண்ணிகிட்ட மன்னிப்புக் கேளு."

அவ டிராயரத் திறந்து ஒரு கடுதாசிய எடுத்தா. "அந்தப் புதுக் கம்பெனிலருந்து பன்னெண்டாந்தேதியே வந்துச்சுங்க. படிக்கிறேன். 'ஐயா, குடிநீர் இணைப்பு தங்கள் பெயரில் இல்லை. தங்கள் மனைவி கையெழுத்திடாததால் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.'"

கடை அவ பேரு, மெஷின் அவ பேரு, குழாயும் அவ பேரு. என் பேர்ல இருக்கறது என் மீசை ஒண்ணுதான்.

"அப்ப நான் குடிச்சது?"

"பழைய தண்ணி. மாறியிருந்தாலும் அதேதாங்க வரும். அதே ஏரி, அதே குழாய். பில் போடுறவங்க, மீட்டர் பாக்கறவங்க, போன் எடுக்கறவங்கதான் மாறுவாங்க."

"அப்ப துண்டு எப்படிடி வெளுத்துச்சு?"

அவ இஸ்திரிக்காரரப் பாத்தா. அவரு இஸ்திரிப் பெட்டியப் பாத்தாரு. "நீங்க டம்ளரோட பின்கட்டுக்குப் போனதும் அண்ணன் பாதித் துணிய வெளிய எடுத்துடுவாரு. மீதிய, நீங்க இந்த பெஞ்சுல லெக்சர் குடுக்கறப்ப போட்டுக்குவோம்."

அதுக்கப்புறம் அவ என்ன பண்ணா தெரியுமா? மூணு கம்பெனிக்கு போன் போட்டா. தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "கடையில குழாய் கசிஞ்சா எப்ப ஆள் வரும்? மீட்டர நேர்ல வந்து பாப்பீங்களா, குத்துமதிப்பா எழுதுவீங்களா? இந்த நம்பர்ல மனுஷன் பேசுவானா, மெஷின் பேசுமா?" ஒழுங்கா பதில் சொன்ன கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டா. நெசமாவே மாத்திட்டா.

நான் ரெண்டு நாள் அதையே யோசிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு ஏன் அந்தக் கேள்வி வரல? குத்தத்த வெளிய தள்ளணும்கற அவசரத்துல ஒரு ஏரியவே மாத்தப் பாத்திருக்கேன். கைக்கெட்டுற தூரத்துல மெஷின் மூடி. அதத் தொறந்து ரெண்டு துண்டு வெளிய எடுக்க எனக்கு மனசு வரல. அவளும் என்னைத் திட்டிப் புரிய வெக்கல. கையில டம்ளரக் குடுத்து அனுப்பிட்டா.

அட, ஏம்மா கண்ணத் தொடைக்கறீங்க? சிரிப்பா? சரி, சரி. ஒண்ணு நல்லதாப் போச்சு. தண்ணிக் கம்பெனிய மாத்தற மாதிரி ஒரு போன் போட்டுப் புருஷன மாத்தற சட்டம் இன்னும் வரல!

என்ன அண்ணே, இஸ்திரிப் பெட்டியக் கீழ வெச்சுட்டீங்க?

"அதெல்லாம் தங்கச்சி யோசிச்சாச்சு. மாத்தினாலும் அதே தண்ணிதான் வரும்னு விட்டுடுச்சு."