பள்ளிக்கூடப் பெரட்டும் ஒரு ரயில்வே விசிலும்

அக்கரப்பத்தனை,
12.7.1957

வட்டகொடை ஸ்டேசனில் உத்தியோகம் பார்க்கும் அன்புள்ள மச்சான் ஜோர்ஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் இராயப்பன் கங்காணி எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கு எல்லோரும் சுகம். என் தொண்டை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறது, காரணம் கீழே வருகிறது. உங்கள் வீட்டுச் சுகத்தையும் அங்கே மழை விட்டதா என்பதையும் எழுதவும்.

விசயம் என்னவென்றால், பிள்ளைகள் ஹைஸ்கூலை விட்டு நின்றுபோகும் வியாதிக்கு நான் மருந்து கண்டுபிடித்துவிட்டேன். மழை பிடித்ததிலிருந்து எங்கள் லயத்து வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் டவுன் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட ஆரம்பித்தன. மேல் லயத்து அழகன், பேர் பதிந்து வேலைக்குப் போகப்போவதாக மீசையில்லாத இடத்தைத் தடவிக்கொண்டு திரிந்தான். மீனம்மாவுக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இதைப் பார்த்த உங்கள் அக்காள் அந்தோனியம்மா, "தொணைக்கு ஆளில்லாம பொம்பளப் புள்ளய அந்தக் காட்டு ரோட்டுல அனுப்ப மாட்டேன். மத்ததுக நின்னா மார்கிரட்டும் நின்னுடட்டும், கொழுந்துக்குப் பேர் பதிஞ்சிருவோம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கும் இப்படித்தான் நடந்தது மச்சான். அஞ்சாம் வகுப்போடு என் பேரைப் பதிந்தார்கள், அந்த வருத்தம் இன்றைக்கும் ஆறவில்லை. என் மகள் படிக்க வேண்டும். அவள் படிக்க வேண்டுமென்றால் அத்தனை பிள்ளைகளும் படித்தாக வேண்டும். இத்தனை காலம் விடியலில் பெரட்டுக் களத்தில் ஆளைத் திரட்டித் தேயிலை மலைக்கு அனுப்பியவனுக்குப் பிள்ளைகளைத் திரட்டிப் பள்ளிக்கு அனுப்புவது ஒரு பெரிய காரியமா? பள்ளிக்கூடப் பெரட்டு ஆரம்பித்துவிட்டேன்!

முதல் நாள் விடிய முன்னமே தப்படித்தேன். பிள்ளைகள் வரவில்லை, ஆனால் லயத்துச் சனம் முழுக்க வேலைப் பெரட்டு என்று நினைத்துக் கூடையும் மழைக்குப் போர்த்தும் கொங்காணியுமாக இருட்டில் களத்துக்கு வந்து நின்றது. கணக்கப்பிள்ளை படுக்கையிலிருந்து எழுந்து வந்து என்னை ஏசிய ஏச்சைக் காகிதத்தில் எழுத முடியாது. அதிலிருந்து தப்பை விட்டுவிட்டுத் தொண்டையால் கூப்பிடுகிறேன். அதற்கும் அசராமல் பிந்தி வருகிறவர்களுக்கு அரைப்பேர் என்று சட்டம் போட்டேன். தோட்டத்தை மறந்துவிட்ட உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன், கொழுந்து குறைந்தால் அரைநாள் கூலிதான், அதுதான் அரைப்பேர். அழகன் பிந்தி வந்தான், போட்டேன் அரைப்பேர். பையன் மத்தியானமே பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்து நிற்கிறான். என்னடா என்றால், "நீங்கதானே மாமா அரைநாளுன்னு சொன்னீங்க? மீதிப் பாதிக்கு நான் எதுக்கு அங்க குந்தியிருக்கணும்?" என்கிறான். பிறகு வயிற்றுவலிக்காரர்கள் கிளம்பினார்கள். வலி என்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கரண்டி விளக்கெண்ணெய் கொடுத்தேன். மருந்து நன்றாக வேலை செய்தது. அதனாலேயே மறுநாளும் அவர்களால் லயத்தை விட்டு நகர முடியவில்லை.

இதெல்லாம் சின்னச் சறுக்கல்தான், திட்டத்தில் குறையில்லை. ஆனால் இன்று காலை பாருங்கள், பெரட்டுக் களத்தில் எல்லாப் பிள்ளைகளும் புத்தகப் பையை முன்னால் வைத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்ட்ரைக்காம்! தலைவி யார் தெரியுமா? நான் பெற்ற மார்கிரட்! எழுந்து நின்று, "தப்பு வேணாம், அரைப்பேர் வேணாம், வெளக்கெண்ண வேணவே வேணாம். நாங்க மனுசங்க, மாடு இல்ல. மரியாதயா பேசினா நாங்களும் மரியாதயா பேசுவோம்" என்கிறாள். போன வருசம் துரைக்கு முன்னால் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் நான் பேசிய பேச்சு மச்சான், ஒரு சொல் குறையாமல்! அன்றைக்குக் கைதட்டிய சனம் இன்றைக்கும் தட்டுகிறது. நான் அசைவேனா? எந்தத் துரை முதல் நாளே இறங்கி வந்திருக்கிறார்? இதை எழுதும்போதும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளை பசித்தால் வழிக்கு வருவார்கள்.

ஆகையால் உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். ரயில் கார்டு ஊதுகிற மாதிரி நல்ல கனமான விசில் ஒன்று வாங்கி உடனே தபாலில் அனுப்பவும். தப்புச் சத்தத்தோடு குழம்பாது, என் தொண்டையும் பிழைக்கும். பெரட்டு நிலைத்துவிட்டால் மற்றத் தோட்டங்களுக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்க உத்தேசம்.

உங்கள் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அந்தோனியார் உங்கள் குடும்பத்துக்கும் வட்டகொடை வழியாகப் போகிற வண்டிகளுக்கும் துணை இருப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்,
சி. இராயப்பன் கங்காணி

பி.கு. (திங்கள் மாலை): மழையால் தபால் போகவில்லை, அதற்குள் கதை மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் மகளை இழுத்துவரப் போன உங்கள் அக்காள், களத்து ஓரத்தில் நின்று அவள் பேசுவதை முழுக்கக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "இனி எவ நின்னாலும் எவன் நின்னாலும் நம்ம புள்ள தனியா போவா. நானுந்தான் இத்தன நாளா பயந்துகிட்டுக் கெடந்தேன். அவ பேச்சக் கேட்ட பொறகு, ரோட்டுல எதுக்க வாறவன நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள். பெரட்டைக் கலைத்துவிட்டேன். இன்று ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் பள்ளிக்கூடம் போயிற்று, அழகன் உட்பட. அவன் இப்போது பிள்ளைகள் ஆரம்பித்திருக்கிற சங்கத்துக்குக் காரியதரிசி. கூட்டத்தைப் பள்ளிக்கூடம் போகிற வழியில் நடந்துகொண்டேதான் நடத்துகிறார்களாம், அதைத் தவறவிட ஒருவருக்கும் மனமில்லை. ஆகவே எனக்கு விசில் வேண்டாம். ஆனாலும் ஒன்று வாங்கி மார்கிரட் பேருக்கு அனுப்பவும், சங்கத்துக்குத் தேவைப்படுகிறதாம்.